நானூற்றுப் பன்னிரண்டு

ஃபார்மேட் செய்தால்தான் திறப்பேன், செய்யவா?
என்கிறது கணினி,
இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்பது போல.
வேண்டாம்.
பிடுங்கிச் செருகினால் மறுபடியும் அதே உபசாரம்.

ஓரத்துப் பூட்டைத் தள்ளிப் பார்த்தாயிற்று.
மஞ்சள் பற்களை அழிரப்பரால் தேய்த்தாயிற்று.
முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை,
மச்சானின் பழைய லேப்டாப்.
கேமராவில் திரும்பப் போட்டால்
கார்டே இல்லை என்று சாதிக்கிறது.
காலையில் பள்ளித் திடலில் எண்ணிக்கை காட்டியதும்
இதே கேமராதான்:
நானூற்றுப் பன்னிரண்டு.

புனிதவதி டீச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டார்,
பெற்றோர் குரூப்பில் போட வேண்டுமாம்.
ஏறிக்கொண்டிருக்கிறது டீச்சர்,
ஜெலுத்தோங்கில் லைன் மோசம் என்றேன்.

பதினொன்றரைக்கும் பெங் ஹுவாட் கடையைச் சாத்தவில்லை.
கார்டை நகக்கண்ணில் ஏந்தி விளக்கில் காட்டினான்.
அழிப்பதென்றால் ஒன்றுமில்லை, அபாங்,
வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றுவது.
வேறு ஆள் குடிவரும்வரை
பழைய ஆள் உள்ளேதான் இருப்பார்.

மீட்கும் மென்பொருள் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று ஊர்ந்தது.
பதினான்கில் முதல் படம்.
ஓட்டப்பந்தயம் இல்லை.
யுகனேஸ்வரி.

நடக்காத கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு எடுத்தது,
பத்து ஃபிரிங்கி கடற்கரையில்,
அரக்குச் சேலை, பக்கத்தில் அவன்.
முழுக்காசையும் கொடுத்துவிட்டு
எல்லாத்தையும் அழிச்சிடுங்கண்ணே என்றாள்.
அழித்துவிட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன்.
இப்போது வரிசையாக வருகிறாள்,
நான் கூப்பிட்டது போல.
ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.
அவனைப் பார்த்தல்ல;
அலை வந்து என் செருப்பைக் கொண்டுபோனது.

பெங் ஹுவாட் திரையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு
மைலோ கலக்கப் போனான்.

ஒன்றரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.
முந்நூற்று எண்பத்தெட்டு முழுசாக.
மீதி இருபத்துநாலு அரைகுறை:
தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்று,
நாடாவில் மோதும் நெஞ்சு,
அதற்குக் கீழே சாம்பல் நிறம்.
கால் இல்லாமலே ஜெயித்திருந்தது நீல இல்லம்.

எல்லாவற்றையும் அனுப்பினேன்.
டீச்சர் விழித்துத்தான் இருந்தார்.
கால் எங்கே, ஐயா?
அதற்குப் பதில் காலையில்.

கார்டைத் திரும்ப நீட்டி
இந்த முறை அவசரமாக வேண்டாம் என்றேன்.
மூலை முடுக்கெல்லாம் பூஜ்யம் நிரப்ப
நாற்பது நிமிஷம்.
மைலோ ஆறிப்போனது.
கணினியில் இறங்கியிருந்த அவளையும்
ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன்.
சிரிக்கும் படத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.
அதில் நான் இல்லை,
என் செருப்பும் இல்லை.
அழுத்தினேன்.