பீச்சாங்கைப் பை

கம்பெனி கொடுத்த நைலான் பை
ஒன்பதாவது மாடியில் வைத்து அடி கிழிந்தது.
பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்
லிப்ட் கிணற்றுக்குள் இறங்கிப் போன சத்தம்
இன்னும் எனக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.
மூன்றாம் மாடியருகே எதிலோ பட்டு
டிங் என்று ஒருதரம் திரும்பிப் பேசியது.
அதோடு சரி.

அந்தப் பையின் வாய் வலப்பக்கம் திறக்கும்.
எல்லாப் பையும் அப்படித்தான்.
நான் இடது கையால் துழாவுகிறவள்.
பதினோரு வருஷமாக
உடம்பைக் குறுக்கே மடித்துத்தான்
ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவரையும் எடுத்திருக்கிறேன்.

பெரியமேட்டில் நயீமின் கடை
ஒரு ஆட்டோ அகலம்.
உள்ளே கால் வைத்ததும்
ஆவாரம்பட்டையும் கடுக்காயும்
மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
"செருப்புக்கா, பெல்ட்டுக்கா?"
"டெஸ்டருக்கு. கட்டிங் பிளேயருக்கு."
அவர் சிரிக்கவில்லை.
மூணு எம்எம் எருமைத்தோலை உருட்டி விரித்தார்.
நடுவில் நீளமாய் ஒரு தழும்பு.
"முள்கம்பி கிழிச்சது. அடிக்கு இருபது ரூபா குறைச்சுக்கலாம்."
ஆறிய காயத்துக்குத் தள்ளுபடி உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்.
தழும்பு வெளியே தெரிகிற மாதிரி
மூடிக்கு அளவெடுத்தேன்.

வீட்டுத் தரையில் பழைய ஃபிளெக்ஸ்.
யாரோ ஒரு வேட்பாளரின்
கும்பிட்ட கைகளின்மேல் வைத்து வெட்டினேன்.
தேன்மெழுகு கேட்டபோது
நாட்டு மருந்துக்கடைக்காரி
"குதிகால் வெடிப்பா?" என்றாள்.
"நூலுக்கு" என்றதும் பொட்டலத்தை நீட்டிவிட்டு
என் இடது கையைப் பார்த்து இழுத்துக்கொண்டாள்.
சோத்தாங்கையை நீட்டி வாங்கினேன்,
பழக்கம்.

துளைக்கு, தீட்டிய போக்ஸ் கம்பி.
இடைவெளி பிசகாமலிருக்க
ஏதோ கல்யாண மண்டபத்திலிருந்து
என்னோடு வந்துவிட்ட முள்கரண்டி.
அழுத்தினால் நாலு புள்ளி.
கடைசிப் புள்ளியில் முதல் பல்லை ஊன்றி
மறுபடி, மறுபடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணினேன்.
ஒரு மூலையில் எண்ணிக்கை தப்பு,
எந்த மூலை என்று சொல்லமாட்டேன்.

ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி.
ஒரே துளைக்குள்
இந்தப்பக்கத்து ஊசியும் அந்தப்பக்கத்து ஊசியும்
ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகவேண்டும்,
புளியந்தோப்பில்
தண்ணி லாரியும் மினிபஸ்ஸும் போல.
பிறகு இரண்டு கையும் ஒரே நேரத்தில் இழுக்கும்,
ஒரே பலத்தில்.
நாற்பது வயதில்
என் கைகள் இரண்டும் முதன்முறையாக
ஒன்றையொன்று விசாரிக்காமல் வேலை செய்தன.

மல்டிமீட்டரைப் பால் கவரில் சுற்றி
நனைத்த தோலை அதன்மேல் போர்த்தி
விளிம்பு விளிம்பாய் அழுத்திவைத்தேன்.
ஐப்பசி ஈரம். மூன்று நாளாகியும் காயவில்லை.
நாலாம் நாள் மின்விசிறியும் நின்றது.
தெருவே இருட்டு.
போன்:
"புளோரா, கீழ்ப்பாக்கம். அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல
மூணு பேர். ஒருத்தர் பல் டாக்டராம்,
ரொம்பக் கத்துறாராம்."

இன்னும் ஒரு பக்கம் தைக்கவில்லை.
இரண்டு ஊசியையும் மூடியில் குத்தி
அப்படியே தோளில் மாட்டினேன்.

மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி
சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
ஐந்தாம் மாடிக்குப் பெட்டி
பிடிவாதக்காரக் குழந்தையாய் இறங்கிவந்தது.
மூவரும் வெளியேறினார்கள்.
பல் டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

கரண்ட் வந்து ஓட்டிப் பார்க்காமல் போகமுடியாது.
மேலே உட்கார்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்து
மிச்சத் துளைகளைத் தைத்தேன்.
கையெழுத்துப் போட அசோசியேஷன் செயலாளர்
மூச்சிரைக்க ஏறிவந்தார்.
சீட்டை இடது கையால் நீட்டினேன்.
வலது கை வருமென்று
கொஞ்சநேரம் நின்றார்.
வலது கையில் ஊசி இருந்தது.
வாங்கிக்கொண்டார்.

கரண்ட் வந்தது.
கயிறுகள் என் காதருகே ஓடத் தொடங்கின.
பையைத் தரையில் வைத்தேன்.
நைலான் பை வைத்த இடத்தில் சரிந்து படுக்கும்;
இது நின்றது.
பதிமூணாம் நம்பருக்கென்று தைத்த அறை மட்டும் காலி.
சம்பளம் வரட்டும்.
அதுவரை அதில்
அந்த முள்கரண்டி இருக்கட்டும்.