கால் சுற்று

நவம்பரில் இயோலோ திரும்பி வந்தான்.
மாடியில் பின்னறையைக் கொடுத்தேன்.
"குளிருதா?" என்றால்
"இல்லம்மா" என்பான்
கோட்டைக் கழற்றாமலே.

பெத்தெஸ்டாவில் மழை சாய்ந்துதான் பெய்யும்.
ஸ்லேட் கூரைகளுக்கு அது பழக்கம்.
கேஸ் பில்லைப் பார்த்தால்
வீடு முழுக்கச் சித்திரை வெயில் என்று தோன்றும்.
அவன் அறைச் சுவரில் கை வைத்தால்
தவளை முதுகு.

சனிக்கிழமை அவன் வேலை கேட்கப் போயிருந்தபோது
தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
ரேடியேட்டரின் திருகு பனிப்பூவில் நின்றது.
பூஜ்ஜியத்துக்குப் பதில் அங்கே ஒரு பூ:
குழாய் உறைந்து வெடிக்காதிருக்க மட்டும்
கொஞ்சம் சூடு என்று அர்த்தம்.
வந்த நாளிலிருந்து அதைத் தொடவில்லை.
மூன்று வருஷம் அவன் இருந்த கட்டடத்தில்
குழாய் சுவருக்குள் ஓடியது.
திருகு வேறு யார் கையிலோ.

ஐந்துக்குத் திருப்பினேன்.
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றுமில்லை.
சாவி போட்டுக் காற்றை இறக்கினேன்,
உஸ் என்றது, பிறகு கறுப்புத் தண்ணீர்
நாலு சொட்டு.
திருகின் தலையைக் கழற்றி
உள்ளே ஊசியை அழுத்தினேன்,
துள்ளி எழுந்தது. அதுவும் குற்றவாளி இல்லை.
டில்வினுக்கு போன் செய்தேன்.
எண்பது பவுண்டு, கிறிஸ்துமஸ் கழித்து, என்றான்.

பிறகுதான் அந்த இன்னொன்றைக் கவனித்தேன்,
எதிர் மூலையில், வெள்ளைத் தொப்பி போட்டு
எண் இல்லாமல், பூ இல்லாமல்.
பதினாறு வருஷமாகத் தூசி தட்டியிருக்கிறேன்,
அது ஒரு வால்வு என்று தெரியாமல்.
தொப்பியை இழுத்தால் பித்தளைக் கழுத்து.
ஸ்பேனருக்கு மட்டும் தலையாட்டும்.

இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நகரவில்லை.
ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தது.
இதற்கு மேல் இங்கே திறக்க ஒன்றுமில்லை.

அப்படியே கொஞ்ச நேரம் தரையில் இருந்தேன்.

தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்பார்கள்.
பம்ப் தள்ளும் தண்ணீர் சுலபத்தைத் தேடும்.
பாய்லரை விட்டு வெளியே வந்ததும்
ஹால் ரேடியேட்டர்
பந்திக்கு முந்தி உட்கார்ந்து
வயிறு முட்டக் குடிக்கிறது.
அடுத்து முன்னறை. அடுத்து என் அறை.
ஏழாவது இலைக்கு வரும்போது
பானையில் கரண்டி தட்டுகிற சத்தம்தான்.

அங்கே சூடு வேண்டுமென்றால்
இங்கேதான் மூட வேண்டும்.

ஹாலில் முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்தேன்.
முன்னறையில் அரை.
பில் உறையின் முதுகில் பென்சிலால் குறித்தேன்.
லூனெட்டின் அறையில் முக்கால்.
அவள் எடின்பரோ போய் மூன்று வருஷம்.
ஆளில்லாத கட்டிலுக்கு இத்தனை நாள்
எதற்குச் சூடேற்றினேன்?
(தெரியும். உறையில் எழுதவில்லை.)
என் அறையில் ஸ்பேனர் கொஞ்சம் தயங்கியது.
அங்கேயும் முக்கால்.

திருப்பி, காத்திருந்து,
போகிற குழாயையும் திரும்புகிற குழாயையும்
மாறி மாறித் தொட்டு,
மறுபடி திருப்பி.
மாவு பதம் பார்ப்பது போல இல்லை இது,
ஜுரம் பார்ப்பது போல.

இருட்டும் நேரம் மாடிக் குழாய்
டிக், டிக் என்றது.
இரும்பு சோம்பல் முறிக்கும் சத்தம்.

பத்து மணிக்கு அவன் படியிறங்கி வந்தான்.
கோட்டு இல்லை. சட்டைக் கை மடித்திருந்தது.
முழங்கையில் எனக்குத் தெரியாத ஒரு தழும்பு.
"அம்மா, புழுங்குது."

"குறைச்சுக்கோ," என்றேன்
பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேலே போனான்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு குழாய்க்குள் தண்ணீர்
சுருதி மாற்றிக்கொண்டது.

காலையில் பார்த்தேன்,
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
எந்தக் கோட்டிலும் சேராமல் நின்றது திருகு.

ஹால்தான் இப்போது ஐஸ்.
தபால் எடுக்கக்கூட
சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறேன்.