ஆறு மணியின் இடம்

நாளை வெல்டிங் டெஸ்ட். சிக்ஸ் ஜி.
இன்று ஹோல்டரைத் தொடமாட்டேன் என்று
பெல்சியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன தடவை விடிய விடியப் பழகினேன்.
கட்டஞ்சாயா மட்டும் ஒன்பது.
சரிந்து நிற்கும் குழாயின் அடிவயிற்றில்,
கடிகாரமென்றால் ஆறு மணி இருக்கும் இடத்தில்,
கை ஒரு நூல் நடுங்கியது.
எக்ஸ்ரே பிலிமில் அது
கடுகுபோல நாலு கறுப்புப் புள்ளி.
சோதித்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"ஒறங்கல்லியா மக்கா?" என்றார்.
இரும்பு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அதனால் இன்று மதியமே
குழித்துறை ஆற்றில் கழுத்தளவு நின்றேன்.
கை இரண்டும் தாமாக மிதந்தன,
யாருடையதோபோல.
தீப்பொறித் தழும்புகளை எண்ணத் தொடங்கி
பதினேழில் விட்டுவிட்டேன்.

ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும்.
இரண்டு மட்டிப்பழம்.
கட்டிலில் மல்லாந்து
இமைமேல் உருளைக்கிழங்கு வட்டங்கள்.
"அப்பாக்குக் கெழங்குக் கண்ணு!"
ஒன்றைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்துத்
துப்புகிறாள் மகள்.
பெல்சி நகம் வெட்டுகிறாள்.
"இந்தக் கை கத்தாருக்குப் போணுமா?"
கேட்டுவிட்டு
வெட்டி முடித்த சுண்டுவிரலை
விடாமல் வைத்திருக்கிறாள்.

மார்த்தாண்டம் பாலத்தில் கடைசி பஸ்
கியர் மாற்றும் சத்தம்.
போன் அலமாரிக்குள்.
மல்லாத்தி வைத்த ஹெல்மெட்டில்
பூனை சுருண்டு கிடக்கிறது.
விரட்டவில்லை.
அதன் வயிறு
ஏறுகிறது, இறங்குகிறது.
அந்த வேகம்தான்.
அதைவிடக் கொஞ்சமும் அவசரமில்லாமல்
ஆறு மணியைக் கடக்கவேண்டும்.