சான்று தேவை

பகலில் கொப்பரைக்கு ஈரம் பார்க்கிறவன் நான்,
அவல்பூந்துறை ஏலக் கூடத்தில்.
"பாலாட்டம் பருப்புங்க, நல்லா எழுதுங்க" என்பார்கள்.
மானி ஆறரை காட்டினால்
ஆறரை என்றுதான் எழுதுவேன்.
பாலுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இரவில் துளசிமணியின் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.
இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் பெயர் நிவேஷிகா.
ஆறு தொடர்கள், ஒரு விருது,
மாமியார் வேடத்துக்கு மாறிய ஆண்டு.
நேற்று யாரோ
"கோடி நெஞ்சங்களின் குலவிளக்கு" என்று சேர்த்திருந்தார்.
விளக்கை அணைத்தேன்.
"தொலைக்காட்சி நடிகை" மட்டும் மிஞ்சியது,
வாய் தைத்த சாக்கு மாதிரி.

விடிவதற்குள் அவள் அண்ணன் போனில்:
"ஏனுங், நம்மூருப் புள்ளைய நாமளே எறக்கலாமுங்களா?"
ஏத்தவும் இல்லீங்க, எறக்கவும் இல்லீங்க.
"அப்பறம் எதுக்குங் நீங்க?"

போன மாதம் "இரண்டாவது ரகசியத் திருமணம்" என்று
ஒரு வரி முளைத்தது.
அதையும்தான் பிடுங்கினேன்.
அதற்கு யாரும் போன் செய்யவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு.
எட்டாம் வகுப்பு, ஆண்டு விழா, கரண்ட் போய்
மைக் செத்துவிட்டது.
இறந்த மகனுக்கு இலை போடும் தாயாக நின்றவள்
குரலை உயர்த்தவில்லை. தணித்தாள்.
மதிலோரம் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த லாரிக்காரர்
பற்றவைத்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.
இதை எங்கே எழுதுவது?
என் கண்ணுக்குப் பக்க எண் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அது என் குற்றம்.
ஒன்பது வருஷம் முன்பு பக்கத்தைத் தொடங்கிய ராத்திரி
பிறந்த ஆண்டு 1991 என்று தட்டிவிட்டேன்.
நான் 1988. இருவரும் ஒரே வகுப்பு.
தூக்கமா, கை தவறா, தெரியாது.
ஒரு வார இதழ் அதைப் பார்த்து எழுதியது.
திருநெல்வேலித் தன்னார்வலர் ஒருவர், கறாரானவர்,
அந்த இதழையே சான்றாக ஒட்டினார்.
நான் திருத்தினேன். அவர் மீட்டார்.
"தங்கள் நினைவு சான்றாகாது, ஐயா."
அவருக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவனே நான்.

கும்பாபிஷேகத்துக்கு வந்திருந்தாள்.
பேக்கரி வாசலில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி
தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள்.
சொன்னேன். சிரித்ததில் புரையேறியது.
"மூணு வருசம் சும்மா கெடைச்சிருக்குது.
போய்க் கெடுத்துப்போடாதடா."

அப்புறம் கேட்டேன்,
அந்த மைக் செத்த நாள் ஞாபகம் இருக்கா?
"நம்ம பள்ளிக்கூடத்துல மைக்கு இருந்துச்சா?"

இனி அந்த லாரிக்காரரைத் தேட வேண்டும்.
பெயர் தெரியாது.
வண்டி எண்ணில் முன்பாதிதான் நினைவிருக்கிறது:
டி.என். முப்பத்து மூன்று.