தோற்கும் வழி

வின்டர்தூர், இரவு பதினொன்றே கால்.
ரயில் கதவின் சென்சார்
நாற்பத்தொரு நாள் ஒழுங்காக ஓடி
மறுநாள் மூச்சுமுட்டி நிற்கிறது.
டிரைவரில் கோளாறு என்றேன்.
"ஆளை மாத்திட வேண்டியதுதானே"
என்கிறான் போனில் கதிர்வேள்.

ஆள் இல்லையடா, இது நிரல்.
மெமரி கேட்டது, கிடைத்தது.
கிளாக் கேட்டது, கிடைத்தது.
இன்டரப்ட் மட்டும் இல்லை என்றதும்
பந்தியில் பாதியில் எழுந்தவன் மாதிரி
போய்விடுகிறது,
இலையை மூடாமல்.
அந்த இடத்தில் இனி எவரும் உட்கார முடியாது.

ஜெயிக்கும் வழியை ஆயிரம் முறை சோதித்தோம்.
தோற்கும் வழியில்
ஒருத்தரும் நடந்து பார்க்கவில்லை.

கடைசியில் வாங்கியதை முதலில் கொடு:
கிளாக்கை நிறுத்து, பிறகு மெமரியை விடு.
மூன்றே வரி.
அதிலும் அவசரப்பட்டு
மெமரியை இரண்டு முறை கொடுத்துத் தொலைத்தேன்.
ஒரே கடனை இருமுறை அடைத்தால்
கர்னல் செத்துப்போகும்.
ரெகுலா சிவப்பில் சுழித்து அனுப்பினாள்,
ஒரு வார்த்தை எழுதாமல்.

சரியானபின்,
எந்தப் புண்ணியவான் எழுதியது இதை
என்று தேடினேன்.
என் பெயர்.
மூன்று வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி,
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு
எனக்கு ரயில் இருந்திருக்கும்.