ஒன்பது வாட்

கரண்ட் பில் வந்த அன்று பின்னேரம்
கல்முனைக்குப் போய்
ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பு ஐந்து வாங்கினேன்.
அறுபது வாட் குண்டு பல்புதான் பல்பு என்று
அதுவரை அடம்பிடித்தவன் நான்.
கடைப் பொடியன் ஒவ்வொன்றாய்க் கொழுவி
எரித்துக் காட்டிக் கழற்றினான்.
உத்தரவாதச் சீட்டில் திகதி போட்டான்.

களுவாஞ்சிகுடி வீடு தவமலரின் சீதனம்.
வளவு, கல், ஓடு, கிணற்றுக் கட்டு,
எல்லாம் மாமா தந்தது.
வயரிங்கை மட்டும் நான் கேட்டு வாங்கினேன்:
"உங்கட வீடு, என்ட வெளிச்சம்."
கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க
சேட்டைக் கழற்றிப் போட்டு முகட்டில் ஏறி
ஒற்றை ஆளாய் இழுத்த கம்பி.
சிவப்பு பாதியில் முடிந்துபோக
மிச்சத்துக்குக் கறுப்பு.
மெயின் சுவிட்சைத் தூக்கினேன்,
மண்டபம் முழுக்க மஞ்சள்.
கீழே நின்று மாமா கைதட்டினார்.
பத்தொன்பது வருடமாய்
வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்ன கதை.
தபால் கந்தோரில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஐந்தையும் மாற்ற அரைமணிதான் சென்றது.
புது வெளிச்சம் தாட்சணியம் பார்க்காது.
வெள்ளம் நின்ற கோட்டை
மூன்று பூச்சு பெயின்ற்றுக்குள்ளாலும் எடுத்துக் காட்டியது.
தவமலரின் காதோர நரையை எண்ணலாம்.
எண்ணவில்லை.
"ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்றாள்.
மறுகா குசினியிலிருந்து,
"அரிசியில கல்லெல்லாம் தெரியுது."

படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்தேன்.
பல்பு முழுதாய் அணையவில்லை.
மூடிய கைக்குள்
ஆரோ எதையோ வைத்திருப்பது போல
மெல்லிசாய் ஒரு வெளிச்சம்.
இன்னொருக்கா போட்டு அணைத்தேன்.
அப்படியேதான்.
பல்பு பிழை, நாளைக்கு மாத்துவன் என்றேன்.

பொடியன் பல்பை வாங்கிப் பார்க்கவேயில்லை.
"வீட்டுல வயரிங் ஆர் செஞ்ச, அண்ணன்?
சுவிட்ச நியூட்ரல்ல போட்டிருக்காங்க.
அணைச்சாலும் ஹோல்டருக்குக் கரண்ட் வரும்.
குண்டு பல்பு காட்டாது, இது காட்டிக் குடுத்திரும்."
"ஆரோ ஒரு வயரிங் பாஸ்" என்றேன்.
"நல்ல காலம், ஒருத்தரும் மௌத்தாகல்ல"
என்று சிரித்துவிட்டு
அடுத்த ஆளுக்கு மிச்சக் காசு எண்ணினான்.

தவமலர் மாதர் சங்கத்துக்குப் போயிருந்தாள்.
சுவிட்சை அணைத்து
கதிரையில் ஏறி டெஸ்டரை வைத்தேன்.
எரிந்தது.
விறாந்தையிலும் எரிந்தது.
சாமியறையில் எரிந்தது.
கதிரையை இழுத்து இழுத்து
அறை அறையாய்
என் கைவேலையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கு முதல்நாளும்
முதிரை ஸ்டூலில் ஏறி
ஈரத் துணியால் ஹோல்டரைத் துடைப்பாள்.
துடைக்க முதல் கேட்பாள்:
"இஞ்சாருங்க, சுவிட்ச் அணைச்சிட்டீங்களா?"
பேப்பரிலிருந்து தலை எடுக்காமல்
"ஓம்" என்பேன்.
"பயப்பிடாமத் துடை."
பத்தொன்பது பொங்கல்.
ஸ்டூலின் நான்கு காலையும்
தொட்டுப் பார்த்தேன்.
ஒரு கால் கொஞ்சம் ஆடியது.

மெயினை இறக்கி, பெட்டிகளைத் திறந்து,
இடம்மாறி இருந்ததை மாற்றிப் பூட்டினேன்.
பெரிய வேலை இல்லை.
ஐந்து இடத்திலும் நாலு திருகாணி.
வியர்வை மட்டும் அளவுக்கு மிஞ்சி வந்தது.

இரவு சுவிட்சைத் தட்டினேன்.
இருட்டு,
இந்த வீட்டில் முதன்முதலாய் முழு இருட்டு.

"நேத்து ராவு கிடந்த சின்ன வெளிச்சம் எங்க?"
"சரியாக்கிட்டன்."
"ஏன்? நல்லாத்தானே கிடந்த.
எழும்பக்குள்ள கதவு தெரிஞ்ச."
பாயில் அவள் திரும்பிப் படுக்கும் சத்தம்.
"பல்புலயா பிழை?"

என் முகம் அவளுக்குத் தெரியாது.
"ஓம்" என்றேன்.