காலிப் பெட்டி

எட்டாவது நாளும் இன்ஜின் குளிர்ந்தே கிடக்கிறது.
மொம்பாசாவில் கப்பலுக்குக் குறைவில்லை;
கிரேன்கள் இறக்குகின்றன, இறக்குகின்றன,
ரயில் வந்து வாரிக்கொண்டு போகிறது.
தரகன் கிதைகாவுக்குப் போன் போட்டால்
"நாளைக்கு" என்கிறான்.
அவனுடைய நாளைக்கு எத்தனை நாள் என்று
கிளீனர் செங்கோ விரல்விட்டு எண்ணுகிறான்,
சப்பாத்திக்குக் கடன் சொல்லிவிட்டு வந்து.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று வாய்த்தது.
காலிப் பெட்டி. டிப்போவிலிருந்து துறைமுக கேட்.
ஒன்பதே கிலோமீட்டர்.
டீசல் போக மிஞ்சுவதைக்
கணக்குப் பார்க்கப் பேனா வேண்டாம்.

அழுக்கிருந்தால் திருப்பிவிடுவார்கள்.
செங்கோ துடைப்பத்தோடு உள்ளே போனான்.
நாற்பதடி இருட்டு,
அதில் யார் வீட்டுக்கோ போய் இறங்கிய
புதுச் சோபாவின் பிளாஸ்டிக் வாசனை.
கொஞ்ச நேரம் அவன் பெருக்கும் சத்தமே கேட்கவில்லை.

சங்கம்வே வரிசையைக் கடக்கும்போது
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி
அண்டாவைப் போல அதிர்ந்தது.
காலியென்று காதிருக்கிற எவனுக்கும் தெரியும்.
ஆனாலும் படுத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்,
"மவாகியோவுக்குக் கிடைச்சிருச்சு!" என்றான் ஒருவன்.

ஹாரன் அடித்தேன்,
நீளமாக,
பாரம் ஏற்றியவன் அடிப்பதுபோல.